பெட்டிக்கு டிக்கெட்

விற்பதென்று முடிவான பிறகுதான்
ஒவ்வொன்றாய் எடுத்துத் துடைத்தேன்.
பைபாஸ் ரோட்டுப் புழுதியெல்லாம் வந்து சேரும்
மாடிப்படி மூலையில் நின்றது
தொண்ணூற்றேழாம் வருடத்து மாருதி.
வெள்ளை என்று ஆர்.சி. புத்தகம் சொல்லும்.

வாங்கின புதிதில் என்னிடம் இருந்த ஒரே கருவி
ஒரு மெக்கானிக்கின் போன் நம்பர்.
"எல்.ஐ.சி. அம்மா, இது இரும்புக் கடைக்குப் போக வேண்டியது"
என்று நாலு தரம் சொன்னார்,
நாலு தரமும் ஆயிரத்தைந்நூறு வாங்கினார்.
ஐந்தாம் தரம் அவரிடம் போகவில்லை.
வடக்கு வெளி வீதிக்குப் போனேன்.

முதலில் வாங்கியது ஸ்பேனர் இல்லை.
இரண்டு இரும்பு ஸ்டாண்டு.
ஜாக்கி தூக்கும், தாங்காது.
தூக்குவதும் தாங்குவதும் வேறு வேறு என்று
எனக்கு முன்பே கொஞ்சம் தெரியும்.
பின்சக்கரத்துக்கு அணை,
சமையல் மேடையில் மிஞ்சிய மேலூர்க் கல்.

எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினாலு, பதினேழு.
இந்த வண்டிக்கு இவ்வளவுதான் கணக்கு.
பாதி வேலை பத்துதான் பார்க்கும்,
அதனால் பத்துதான் தொலையும்.
மூன்று வாங்கினேன்.
ஒன்று பானட்டுக்குள் எங்கேயோ விழுந்து கிடக்கிறது,
பள்ளத்தில் இறங்கினால் 'ணங்' என்னும்.

உள்ளே ரப்பர் வைத்த பிளக் ஸ்பேனர்.
முள் நடுங்கும் மீட்டர்:
பன்னிரண்டுக்குக் கீழே நின்றால்
நாளைக்கு ஷேர் ஆட்டோ என்று அர்த்தம்.
குச்சி முனையில் காந்தம்.
விசிறிபோல் விரியும் கேஜ் தகடுகள்,
தலைமுடி கனத்திலிருந்து தொடங்கும்.
அரை மீட்டர் பைப், ஸ்பேனர் பிடியில் மாட்டி மிதிக்க.
ஐம்பத்தொரு கிலோ எனக்கு அதுதான் தோள்.
துருப்பிடித்த போல்ட்டுக்கு
முந்தின ராத்திரியே எண்ணெய் விட்டுத்
தூங்கப் போய்விட வேண்டும்.
சண்டைக்கும் அதேதான் என்பார் நரசிங்கம்.
சொல்லிவிட்டுத் தூங்க மாட்டார்.
அப்புறம் ஒரு குயர் நோட்டு.
என்றைக்கு எதைக் கழற்றினேன்,
மாட்டி முடித்தபோது எத்தனை நட்டு மிச்சம்.

வாங்க வந்தவர் ஒச்சப்பன்,
செக்கானூரணியில் கோழித்தீவனக் கடை.
ஓட்டிப் பார்க்கலாம் என்றார்.
நாகமலை தாண்டியதும் முள் சிவப்பைத் தொட்டது.
பானட்டைத் திறந்தால் ஒரே ஆவி.
ரேடியேட்டர் மூடியில் கைவைக்கப் போனவரை
"எடுங்க கையை!" என்று கத்திவிட்டேன்.
ஒரு வேப்பமரம் இருந்தது, நாற்பது நிமிடம் இருந்தோம்.
காத்திருப்பதும் கருவிதான்,
பெட்டியில் இடம் அடைக்காது.
பிறகு ஹோஸ் நுனியில் ஓர் அங்குலம் வெட்டி
கிளிப்பைத் திருகி, அவர் குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி
ஸ்டார்ட் பண்ணினேன்.

இதோடு ஆள் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன்.
"விலை சரிங்க. பெட்டியும் சேத்துத்தான?"
இல்லை என்றேன்.
ரெண்டாயிரம் ஏற்றினார். இல்லை.
மூவாயிரம்.
மேலூர்க் கல்லை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

எட்டாம் நாள் போன்.
"நின்னா ஆடுதுங்க, ஓடினா ஆடல.
இங்கன மெக்கானிக்கு இரும்புக் கடைன்றாரு."
நரசிங்கம் பேப்பரை மடக்காமலே கேட்டார்:
"வித்தாச்சே, இன்னும் என்ன?"
நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பெரியாரில் ஏறி, பெட்டியை மடியில் வைத்தேன்.
கண்டக்டர் எனக்கு இலவசச் சீட்டைக் கிழித்தார்,
பெட்டியை ஒரு விரலால் தட்டினார்.
"உங்களுக்கு ஃப்ரீ. இதுக்குப் பத்து ரூவா."
கொடுத்தேன்.
இத்தனை வருடத்தில் முதல் தடவையாக
அதற்கென்று ஒரு சீட்டு.

நாகமலைப் பக்கம் பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்தது.
மடியில் எல்லாம் குலுங்கின.
திறந்து எண்ணினேன்,
பத்து இரண்டுதான்.
மூன்றாவது அவர் வண்டிக்குள்.
வந்த வேலையோடு
அதையும் எடுத்துவிட வேண்டும்.
காந்தம் கொண்டுவந்திருக்கிறேனா பார்த்தேன்.
இருந்தது.